உழவு வயலில் இடைக்கால வெள்ளிக்காசு தேடுவது எப்படி?

இங்கிலாந்தின் உழவு வயல்களில் இடைக்கால வெள்ளிப் பென்னிகள் இன்றும் கிடைக்கின்றன. சுத்தியலால் அடித்து அச்சுப் பதித்த மெல்லிய காசுகள் அவை. குறுக்களவு 18 மில்லிமீட்டர் போல இருக்கும், எடை ஒன்றரை கிராமைத் தொடாது. மெட்டல் டிடெக்டரைப் புதிதாகக் கையில் எடுப்பவர்கள் இந்த வரிசையில் போகலாம்.

1. முதலில் அனுமதி. நில உரிமையாளரிடம் எழுத்தில் வாங்குங்கள். குத்தகைக்காரர் பயிர் செய்கிறார் என்றால் அவரிடமும் கேளுங்கள். கிடைப்பதை எப்படிப் பங்கிடுவது என்பதையும் அப்போதே எழுதிவிடுங்கள். பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்களில் அரசு அனுமதியின்றி டிடெக்டர் பயன்படுத்துவது 1979-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அந்த இடங்களைக் காட்டும் வரைபடத்தைப் பார்த்துவிட்டே கிளம்புங்கள்.

2. வயலைத் தேர்ந்தெடுங்கள். பழைய தேவாலயம், சந்தை கூடிய ஊர், இவற்றுக்குப் போகும் நடைபாதை ஆகியவற்றை ஒட்டிய வயல்கள் நல்லவை. வீட்டுக் குப்பையோடு சேர்ந்த எருவை வயலுக்குக் கொட்டியபோதும் காசுகள் மண்ணில் கலந்தன. அறுவடை முடிந்த பிறகு, அல்லது உழுது சமன்செய்த பிறகு போங்கள். உழவே காணாத புல்வெளியைப் புதியவர்கள் தொடாமலிருப்பது நல்லது. அங்கே மண்ணடுக்குகள் கலையாமல் இருக்கும், நம் குழி அவற்றைக் கெடுத்துவிடும்.

3. கருவி அமைப்பு. பலர் கோட்டை விடுவது இங்கேதான். இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டு 1279-இல் தொடங்கிய நாணயச் சீர்திருத்தத்துக்கு முன், சில்லறை தேவைப்பட்டால் பென்னியையே பாதியாகவும் காலாகவும் வெட்டினார்கள். அந்தக் கால் துண்டின் சிக்னல் மிக மெலிது. அலுமினியத் தாள் துணுக்கும் கருவியின் திரையில் கிட்டத்தட்ட அதே எண்ணைத்தான் காட்டும். குப்பைக்குப் பயந்து வடிகட்டலை (சில உலோகங்களுக்கு ஒலிக்காமல் தள்ளும் அமைப்பை) கூட்டினால் வெட்டுக்காசும் சேர்ந்து மறைந்துபோகும். இரும்பை மட்டும் தள்ளுங்கள், மற்றதெல்லாம் ஒலிக்கட்டும். கருவி சும்மா கரகரத்தால் உணர்திறனைக் கொஞ்சம் குறையுங்கள்.

4. டிடெக்டரின் அடியிலுள்ள தேடும் வட்டை (coil) மண்ணோடு உரசுமளவு தாழ்வாக, மெதுவாக வீசுங்கள். வீச்சின் இரு முனையிலும் அது மேலே எழக்கூடாது. ஒரு வீச்சு முந்தியதன் மேல் பாதியாவது படியட்டும்.

5. சத்தம் வந்தால் குறுக்காகத் திரும்பியும் சோதியுங்கள். சிக்னலிலிருந்து ஒரு சாண் தள்ளி மண்வெட்டியை இறக்குங்கள், நேர் மேலே குத்தினால் காசு வெட்டுப்படும். மண்கட்டியை உடைத்து பின்பாயின்டரால் (கையடக்கமான சிறு டிடெக்டரால்) தேடுங்கள். காசைத் தேய்க்கவே தேய்க்காதீர்கள். மண்துகள் வெள்ளியைக் கீறி, அரசன் முகத்தையே அழித்துவிடும். அப்படியே மெத்தென்ற சிறு பெட்டியில் வையுங்கள், குழியை மூடுங்கள்.

6. கிடைத்த இடத்தை அங்கேயே ஜிபிஎஸ்ஸில் குறியுங்கள். இடம் தெரியாத காசு வரலாற்றுக்குப் பாதிதான் உதவும் என்பது என் உறுதியான எண்ணம். 1997 முதல் இயங்கிவரும், பொதுமக்கள் கண்டெடுக்கும் தொல்பொருள்களைப் பதிவுசெய்யும் திட்டமான போர்ட்டபிள் ஆன்டிக்விட்டீஸ் ஸ்கீமின் உள்ளூர் அலுவலரிடம் காட்டினால் பதிவுசெய்து தருவார். ஒரே இடத்தில் சேர்ந்து கிடந்த 300 ஆண்டுக்கு மேற்பட்ட வெள்ளிக்காசுகள் இரண்டு இருந்தாலே 1996 புதையல் சட்டத்தின்படி புதையல். 14 நாளுக்குள் கரோனருக்கு (புதையலையும் விசாரிக்கும் அதிகாரிக்கு) தெரிவிக்க வேண்டும், வழியை அந்த அலுவலரே சொல்வார். உழவு ஆழத்துக்குக் கீழே காசுகள் குவியலாகத் தென்பட்டால் அதற்கு மேல் தோண்டாதீர்கள். மண்ணால் மூடிவிட்டு அவரை அழையுங்கள், யாருக்கும் படம் அனுப்பாதீர்கள்.