முட்டை வெந்தா ப்ரோட்டீன் ஒடைஞ்சிடுமா? ப்ளஸ் டூ பசங்க தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆம்பூர்ல பதினோரு வருஷமா பயாலஜி டியூஷன் எடுக்கறேன், வருஷம் தவறாம ஒரே பதில் வரும், "சார், முட்டைய வேக வச்சா ப்ரோட்டீன் ஒடைஞ்சி அமினோ ஆசிடா பூடும் சார்". நல்லா படிக்கிற புள்ளைங்களே இப்படித்தான் எழுதுதுங்க. தப்பு. இந்த ஒரு எடத்த சரி பண்ணிட்டா பாதி குழப்பம் தானா தீந்துடும், அதனால இதையே கொஞ்சம் நின்னு சொல்றேன்.

ப்ரோட்டீன்ல அமினோ ஆசிடுங்கிற சின்ன சின்ன மூலக்கூறுங்கள பூச்சரம் மாதிரி ஒண்ணோட ஒண்ணா கட்டியிருக்கு, அந்த முடிச்சுதான் பெப்டைட் பாண்ட். சரம் நீட்டா கெடக்காது, சுருண்டு மடிஞ்சி ஒரு உருவத்துல நிக்கும், ப்ரோட்டீனோட வேலை பூரா அந்த மடிப்புலதான் இருக்கு. மடிப்பத் தாங்கறது ஹைட்ரஜன் பாண்ட் மாதிரி லேசான புடிப்புங்க. சூடு பட்டா அது விட்டுடும், அவுந்த சரங்க ஒண்ணுக்குள்ள ஒண்ணு சிக்கி முட்டை வெள்ளையா கெட்டியாவுது, ஆனா ஒரு முடிச்சு கூட அறுபடல. இதுதான் டீநேச்சுரேஷன். முடிச்ச அறுக்கறது ஹைட்ராலிசிஸ், அது வேற. வீட்ல கறி மெத்துனு வேகணும்னு பச்சைப் பப்பாளிய அரைச்சு தடவுறாங்களே, அதுல இருக்கிற பப்பெய்ன்ங்கிற என்ஸைம் (என்ஸைம்னா ரியாக்ஷன வேகப்படுத்தற பொருள்) நிஜமாவே முடிச்ச வெட்டுது. அதே பப்பாளிய மொதல்லயே நல்லா கொதிக்க வச்சி அப்புறம் தடவுங்க, ஒண்ணும் ஆவாது, ஏன்னா பப்பெய்னும் ஒரு ப்ரோட்டீன்தான், அதோட மடிப்பே அவுந்து போச்சு.

நம்ம ஊர்ல இதுக்கு இன்னும் நல்ல உதாரணம் தோல். எங்கப்பா தோல் பதம் பண்ற டேனரில வேலை செஞ்சவரு, க்ரோம் ஏத்துன தோல்ல சின்னதா ஒரு துண்டு வெட்டி கொதிக்கிற தண்ணில போட்டு பாப்பாரு, சுருங்காம இருந்தாதான் பதம் சரி, சுருண்டுகிச்சின்னா உள்ள வரைக்கும் எறங்கலன்னு அர்த்தம். தோல்ல இருக்கிறது கொலாஜன், மூணு சரம் கயிறு மாதிரி முறுக்கியிருக்கும், பச்சைத் தோல்ல 60, 65 டிகிரியிலயே முறுக்கு அவுந்து சுருங்கிடும். க்ரோம் சரத்துக்கும் சரத்துக்கும் நடுவுல குறுக்க கட்டு போடறதால கொதிக்கிற தண்ணியையும் தாங்குது. இந்த மூணு சர அமைப்ப மெட்ராஸ் யூனிவர்சிட்டில இருந்துதான் விஞ்ஞானி ஜி.என்.ராமச்சந்திரன் 1954, 55-ல சொன்னாரு, அதுக்கு கொலாஜன் குடுத்தது அடையார்ல இருக்கிற தோல் ஆராய்ச்சி நிலையம். நம்ம பசங்களுக்கு இது தெரியாம போவக்கூடாது.

அடுத்து "சூடு பட்டா என்ஸைம் செத்துடும்"னு எழுதறது. என்ஸைமுக்கு உயிர் கெடையாது, சாவறதுக்கு. ஆன்ஃபின்சன்னு ஒரு விஞ்ஞானி ரைபோநியூக்ளியேஸ்ங்கிற என்ஸைமோட மடிப்ப யூரியா மாதிரி கெமிக்கல் போட்டு பிரிச்சாரு, அப்புறம் அந்த கெமிக்கல எடுத்ததும் அது தானா மடிஞ்சி திரும்ப வேலை செஞ்சுது, 1972-ல நோபல் பரிசு. அதே மாதிரி குளிர்ல கெட்டுடும்னும் பொதுவா எழுதிடாதீங்க. ஃப்ரிட்ஜ்ல வேகம் கொறையும் அவ்ளோதான், வெளிய எடுத்து வச்சா மறுபடி ஓடும்.

எல்லா என்ஸைமுக்கும் 37 டிகிரி, பிஹெச் (அமிலம், காரம் எவ்ளோன்னு காட்டற அளவு) 7-னு போட்டு வைக்கிறதும் வேணாம். வயித்துல பெப்சின் பிஹெச் 2 கிட்ட நல்லா வேலை செய்யும், ட்ரிப்சினுக்கு 8 வேணும், வெந்நீர் ஊத்துல வாழற பாக்டீரியாவோட டாக் பாலிமரேஸ்ங்கிற என்ஸைம் 70, 80 டிகிரிலதான் ஜோரா ஓடுது. எல்லா என்ஸைமும் ப்ரோட்டீன்னும் அடிச்சி சொல்லாதீங்க, ஆர்என்ஏவும் அந்த வேலை செய்யும்னு காட்டுன செக், ஆல்ட்மேன் ரெண்டு பேருக்கும் 1989-ல நோபல் குடுத்தாங்க.

என்ஸைம் பூட்டு, அது வேலை செய்யற பொருள் அதுல சரியா பொருந்துற சாவிங்கிற உதாரணம் 1894-ல ஃபிஷர் சொன்னது, அதோட நிறுத்திடறாங்க. பூட்டு வளையாது, என்ஸைம் வளையும். தோல் செருப்பு கால் உள்ள போனதும் காலுக்கு ஏத்தாப்ல கொஞ்சம் எளகி புடிச்சிக்கும் பாருங்க, 1958-ல கோஷ்லண்ட் சொன்ன இன்டியூஸ்டு ஃபிட் கிட்டத்தட்ட அப்படி.

என்ஸைம் ரியாக்ஷன்ல செலவாவாது, ஈக்விலிப்ரியத்தையும் (கடைசில ரியாக்ஷன் போய் நிக்கிற சமநிலை) மாத்தாது, ஆக்டிவேஷன் எனர்ஜிய (ரியாக்ஷன் நடக்க மொதல்ல தாண்ட வேண்டிய சக்தி) கொறைச்சி சீக்கிரம் கொண்டு போய் சேக்கும்.

கடைசியா, நாலு லெவல் ஸ்ட்ரக்சரும் (அமினோ ஆசிட் வரிசை, சுருள், மொத்த மடிப்பு, பல சரம் ஒண்ணா சேர்ற அமைப்பு) எல்லா ப்ரோட்டீனுக்கும் உண்டுன்னு எழுதறாங்க. மயோகுளோபின்ல ஒரே சரம், அதுக்கு நாலாவது லெவல் ஏது? ஹீமோகுளோபின்ல நாலு சரம், அதனால உண்டு. அப்புறம் மொத லெவல "சும்மா வரிசைதானே"ன்னு ரெண்டு வரில தாண்டாதீங்க. ஹீமோகுளோபினோட பீட்டா சரத்துல 146 அமினோ ஆசிட் இருக்கு, அதுல ஆறாவது எடத்துல மட்டும் குளுட்டாமிக் ஆசிடுக்கு பதிலா வேலின் வந்து உக்காந்துடுது, அந்த ஒண்ணே ஒண்ணு மாறுனதுல ஆக்சிஜன் கொறையுற எடத்துல ஹீமோகுளோபினுங்க ஒண்ணோட ஒண்ணு ஒட்டி நீளமா கோத்துக்குது, ரத்த அணு அரிவா மாதிரி வளைஞ்சி போயி சின்ன ரத்தக்குழாய்ல அடைச்சிக்குது, இதுதான் சிக்கிள் செல் நோய்.