கவுட்டும் இதய நோயும் சேர்ந்திருப்பவர்கள் செய்யக்கூடாத தவறுகள்

கால் பெருவிரல் மூட்டு இரவோடு இரவாகச் சிவந்து வீங்கி, போர்வை பட்டாலே உயிர் போகிறது. ரத்தத்தில் யூரிக் அமிலம் கூடி, அதன் படிகங்கள் மூட்டில் படிவதால் வரும் கவுட் இப்படித்தான் தாக்கும். விடிந்ததும் மருந்துக் கடைக்கு ஆள் அனுப்பி வலி மாத்திரை வாங்கி விழுங்குகிறோம். ஸ்டென்ட் வைத்தவர்களுக்கும், பைபாஸ் செய்துகொண்டவர்களுக்கும், கால் ரத்தக்குழாயில் அடைப்பு உள்ளவர்களுக்கும் இதுதான் முதல் தவறு, பெரிய தவறும்கூட.

டைக்ளோஃபெனாக், எடோரிகாக்ஸிப் போன்ற மாத்திரைகள் வலியை அடக்கும். கூடவே உப்பையும் நீரையும் உடலில் தேக்கி, ரத்த அழுத்தத்தை ஏற்றி, மாரடைப்பு அபாயத்தையும் கூட்டும். இதே குடும்பத்தைச் சேர்ந்த ரோஃபெகாக்ஸிப் இந்தக் காரணத்துக்காகவே 2004இல் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. இன்னொரு வலி மாத்திரையான இப்யூபுரூஃபெனோ, ரத்தம் கட்டாமலிருக்க இதய நோயாளிகள் எடுக்கும் ஆஸ்பிரின் ரத்தத் தட்டணுக்களில் வேலை செய்ய வேண்டிய இடத்தை மறித்து, ஆஸ்பிரினைப் பயனற்றதாக்கிவிடலாம். மாத்திரை அட்டையைத் திருப்பி, வணிகப் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். பாராசிட்டமால் என்று நினைத்து வாங்கிய அட்டையில் டைக்ளோஃபெனாக்கும் சேர்ந்திருக்கலாம்.

அப்படியானால் வலிக்கு என்ன வழி? குறைந்த அளவு கோல்ச்சிசின், அல்லது சில நாட்களுக்கு மட்டும் ஸ்டீராய்டு. எது பொருந்தும் என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்; ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும். இதயத்துக்கும் கோல்ச்சிசின் உதவலாம். நாள்பட்ட இதயத் தமனி நோய் உள்ள 5,522 பேரிடம் நடந்து 2020இல் வெளியான ஆய்வில், தினம் 0.5 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் முதலிய பாதிப்புகள் ஏறத்தாழ 31 சதவீதம் குறைந்தன. ஆனால் கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக், வெராபமில், டில்டியாசெம் என்ற இதய, ரத்த அழுத்த மருந்துகள் ஆகியவற்றோடு சேர்ந்தாலோ, சிறுநீரகம் பழுதுபட்டிருந்தாலோ, இதே மருந்து உடலில் தேங்கி நஞ்சாகும். நம் மாநில மலரான செங்காந்தளிலும் இருப்பது கோல்ச்சிசின்தான். அதற்காக அதன் கிழங்கை இடித்துக் குடித்தால் உயிரே போய்விடும்.

ஆஸ்பிரின் யூரிக் அமிலத்தைக் கூட்டும் என்று கேள்விப்பட்டுத் தாமாகவே நிறுத்துபவர்கள் இருக்கிறார்கள். கூட்டுவது உண்மை, ஆனால் கொஞ்சம்தான். ஸ்டென்ட் அடைபட்டால் வரும் ஆபத்துக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை. தயவுசெய்து நிறுத்தாதீர்கள். கேட்க வேண்டிய கேள்வி ரத்த அழுத்த மருந்தைப் பற்றியது. ஹைட்ரோகுளோரோதயசைடு யூரிக் அமிலத்தை ஏற்றும், லோசார்டன் சற்று இறக்கும். மாற்ற முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

வலி போனதும், யூரிக் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையான அலோபியூரினாலைக் கைவிடுவது இன்னொரு தவறு. யூரிக் அமிலம் டெசிலிட்டருக்கு 6 மில்லிகிராமுக்குக் கீழே நிலைத்தால்தான் மூட்டில் படிந்த உப்புப் படிகங்கள் கரையும். அதற்கு மாதங்கள், சிலருக்கு வருடங்கள் ஆகும். தொடக்கத்தில் வலி திரும்ப வரலாம். அதற்காக நிறுத்தக் கூடாது. தோலில் தடிப்பு வந்தால் மட்டும் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். யூரிக் அமிலத்தைக் குறைக்கும் இன்னொரு மருந்தான ஃபெபுக்சோஸ்டாட் குறித்து 2018இல் வந்த ஆய்வு இதய இறப்பு கூடுவதாகச் சொன்னது. 2020இல் வந்த இன்னொன்று அப்படிக் காணவில்லை. இதய நோயாளிகளுக்கு அலோபியூரினாலை முதலில் முயல்வதே சரி என்பது என் எண்ணம்.

கவுட்டே வராமல், பரிசோதனைத் தாளில் யூரிக் அமில எண் மட்டும் கூடியிருந்தால்? இதயத்தைக் காக்கவென்று அலோபியூரினால் வேண்டாம். பிரிட்டனில் நடந்த பெரிய ஆய்வில் அதனால் பலன் கிடைக்கவில்லை.

சாப்பாட்டில் பருப்பையும் தக்காளியையும் ஒதுக்கிவிட்டு பீரைத் தொடர்வதில் அர்த்தமில்லை. பீர், இனிப்புக் குளிர்பானம், ஈரல், நெத்திலி, மத்தி ஆகியவைதான் குறைக்க வேண்டியவை.

கவுட் வலி வந்து போன அடுத்த இரண்டு மாதங்களில் கூடுதல் கவனம் தேவை. மாரடைப்போ பக்கவாதமோ வந்த கவுட் நோயாளிகளை, அவை வராதவர்களோடு ஒப்பிட்ட பிரிட்டன் ஆய்வு 2022இல் வெளியானது. முந்தைய 60 நாட்களுக்குள் கவுட் வலி வந்திருக்கும் வாய்ப்பு முதல் பிரிவினரிடம் ஏறக்குறைய இரு மடங்காக இருந்தது. இந்த நாட்களில் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டினையும் ரத்த அழுத்த மாத்திரையையும் ஒரு வேளைகூடத் தவறவிடாதீர்கள். நெஞ்சில் அழுத்தமோ, வாய் கோணலோ, கை தளர்ச்சியோ தெரிந்தால் உடனே 108ஐ அழையுங்கள்.