அடுத்த பத்துப் புத்தகங்களை எப்படித் தேர்ந்தெடுப்பது?

கடைசியாகப் படித்த பத்துப் புத்தகங்களை ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே வகை, முதலில் வெளிவந்த ஆண்டு, மூலமொழி மூன்றையும் குறியுங்கள். ஏழு நாவல், எல்லாமே 2000க்குப் பிறகு வந்தவை என்றால், எது விடுபட்டிருக்கிறது என்று தாளே காட்டிவிடும்.

அடுத்த பத்தில் ஆறை உங்கள் வழக்கமான ரசனைக்கே விடுங்கள். மீதி நான்கில் ஒரு கவிதைத் தொகுப்பு, ஒரு மொழிபெயர்ப்பு, ஓர் அறிவியல் நூல், 50 ஆண்டுகளுக்கு முந்தைய ஒன்று. பத்தையும் ஒரேயடியாக மாற்றினால் மூன்றாவதிலேயே சலிப்புத் தட்டிவிடும்.

பின்னட்டை வாசகம் விற்பதற்காக எழுதப்படுவது; அதை நம்பாமல் நடுவில் இரண்டு பக்கம் படித்துப் பாருங்கள். மொழிபெயர்ப்பு என்றால் உரையாடலை வாய்விட்டுப் படியுங்கள். நாக்கு இடறினால் வேறு மொழிபெயர்ப்பைத் தேடலாம். பழக்கமில்லாத துறையில் 200 பக்கத்துக்குள் அடங்கும் நூலே தொடக்கத்துக்கு நல்லது. கவிதையை மட்டும் ஒரே மூச்சில் முடிக்க வேண்டாம். நாளுக்கு இரண்டு போதும்.