ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் பழைய நிலப்படங்களைப் பார்க்கும் முறை

ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் நிலப்படத் தளத்தில் ஓர் ஊரின் பழைய தோற்றத்தைக் காண, தேடல் பெட்டியில் ஊர்ப்பெயரை இட்டு, மேலடுக்குப் பட்டியலில் பிரிட்டனின் நில அளவை நிறுவனமான ஆர்டினன்ஸ் சர்வேயின் ஆறு அங்குலப் படத்தைத் தேர்ந்தெடுங்கள். ஒரு மைல் தொலைவை 6 அங்குலத்தில் காட்டும் இவ்வரிசையில் வயல் வரப்புகளும் கிணறுகளும்கூடத் தெரிவதால், தொடங்குவதற்கு இதுவே மிகவும் ஏற்றது.

மேலடுக்கின் அடர்த்தியை மாற்றும் பட்டையை மெல்ல நகர்த்தினால், பழைய படம் மங்கி, அடியிலுள்ள இன்றைய செயற்கைக்கோள் படம் தெளிவாகும். எப்போதோ மூடப்பட்ட ரயில் பாதை இன்று வளைந்து செல்லும் மரவரிசையாக நிற்பதை இப்படித்தான் கண்டுபிடிக்க முடியும். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும் வசதியும் உண்டு.

படத்தாளில் நிலத்தை அளந்த ஆண்டும் வெளியிட்ட ஆண்டும் தனித்தனியே தரப்பட்டிருக்கும்; நிலத்தின் அன்றைய நிலையைச் சொல்வது முன்னதே என்பதால், குறிப்பெடுக்கும்போது அதைத் தவறாமல் எழுதிக்கொள்ளுங்கள்.