ரேஸ் கார் எடையைக் குறைக்க: ஜன்னலில் தொடங்குங்கள், கூரைக்கு அப்புறம் வரலாம்

காரின் எடையைக் குறைக்க ஜன்னல் கண்ணாடிக்குப் பதில் பாலிகார்பனேட் ஷீட்டும், இரும்புக் கூரைக்குப் பதில் கார்பன் ஃபைபர் கூரையும் போடலாம். டிராக்கில் மட்டும் ஓடும் காருக்குத்தான் இந்த வேலை. சாலையில் ஓடும் காரில் செய்தால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு குறுக்கே நிற்கும். டெல்டாவில் டிராக் கிடையாது. கோவைக்கோ இருங்காட்டுக்கோட்டைக்கோதான் போக வேண்டும். உங்கள் ரேஸ் பிரிவின் விதி இதை அனுமதிக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

முதலில் பக்கக் கண்ணாடிகளையும் பின் கண்ணாடியையும் கழற்றி, நெல் மூட்டை நிறுக்கும் எலக்ட்ரானிக் தராசில் வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். ரைஸ் மில் எடைமேடை லாரிக்கானது, இரண்டு மூன்று கிலோ வித்தியாசம் அதில் சரியாகத் தெரியாது. 4 மி.மீ. கண்ணாடி சதுர மீட்டருக்கு 10 கிலோ. அதே தடிமனில் பாலிகார்பனேட் என்ற உறுதியான, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் 4.8 கிலோ. முன் கண்ணாடியைத் தொடாதீர்கள்.

கும்பகோணத்திலோ தஞ்சாவூரிலோ கடையில் பாலிகார்பனேட் என்று மட்டும் சொன்னால், போர்டிகோவுக்குப் போடும் உள்கூடுள்ள ஷீட்டை எடுத்து நீட்டலாம். அது உதவாது. கெட்டி ஷீட், கீறல் தாங்கும் பூச்சோடு வேண்டும். அக்ரிலிக் மலிவுதான், ஆனால் அடிபட்டால் கூர்கூராக உடையும்.

அடுத்து, பழைய கண்ணாடியை அட்டையில் வைத்து வரைந்து அச்சு எடுங்கள். நுண்பல் பிளேடு போட்ட ஜிக்ஸாவில் (கையில் பிடிக்கும் மின் ரம்பம்) ஷீட்டை வெட்டி, விளிம்பை உப்புத்தாளால் தேயுங்கள். மேலே ஒட்டியிருக்கும் படலத்தைக் கடைசியில் உரித்தால் போதும்.

துளை போடுவதில்தான் கவனம் தேவை. பாலிகார்பனேட் கண்ணாடியைவிட ஏழெட்டு மடங்கு விரியும். ஒரு மீட்டர் ஷீட் 40 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் ஏறக்குறைய 2.7 மி.மீ. நீளும். நம் ஊர் சித்திரை வெயிலில் மூடிய கார் அந்த அளவுக்குச் சுலபமாகச் சூடேறிவிடும். அதனால் துளை போல்ட்டைவிட 3 மி.மீ. பெரிதாக இருக்கட்டும். ரப்பர் வாஷர் போட்டு, ஷீட் அசைய இடம் விட்டு முடுக்குங்கள். இறுக்கிவிட்டால் துளையிலிருந்து விரிசல் ஓடும். பெட்ரோல், தின்னர் பட்டாலும் அப்படித்தான். சோப்புத் தண்ணீரில் துடைத்தால் போதும்.

சரி, கூரை. 2003-இல் பிஎம்டபிள்யூ எம்3 சிஎஸ்எல் என்ற கார் கார்பன் ஃபைபர் கூரையோடே வந்தது. உச்சியில் எடை குறைந்தால் வளைவில் கார் சாய்வது குறையும் என்பதால் ஆசை வருவது நியாயம். ஆனால் கூரையும் காரின் பலத்தில் ஒரு பங்கு. ரோல் கேஜ் (கார் உருண்டால் ஓட்டுநரைக் காக்கும் உலோகக் குழாய்க் கூண்டு) பொருத்தாமல் அதை வெட்டவே கூடாது; முதல் காரில் நான் பரிந்துரைக்கவும் மாட்டேன். பின்னால் எப்போதாவது செய்தால், கார்பன் நேராக இரும்பில் படக்கூடாது, ஈரம் சேர்ந்தால் இரும்பு சீக்கிரம் அரிக்கும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து உப்புக்காற்றில் இன்னும் மோசம். ஒட்டும் இடம் முழுக்க நடுவில் கண்ணாடியிழைத் துணி ஒரு அடுக்கு வையுங்கள்.