அலுமினிய வட்டத் தகடு வாங்கும்முன்: டி.சி.யா, சி.சி.யா?

தண்ணீர்ப்பந்தலில் சோறு வடிக்கும் அண்டாவையும் அதன் மூடியையும் ஒரே கலவை, ஒரே பதமுள்ள வட்டத் தகட்டில் செய்யலாம். ஆனால் அண்டாவுக்கு ஆகும் வார்ப்பு வேறு, மூடிக்குப் போதுமான வார்ப்பு வேறு. பினாங்கு மாநிலத்தின் பிறையிலோ புக்கிட் மின்யாக்கிலோ பட்டறை நடத்துபவர்கள் 1050 (கிட்டத்தட்டத் தூய அலுமினியம்), 3003 (மாங்கனீசு சேர்ந்தது) என்று கலவை எண்ணைச் சொல்கிறார்கள். ஓ பதமா (சுட்டு மென்மையாக்கியது), எச்14ஆ (பாதி கடினமானது) என்றும் சொல்கிறார்கள். தகடு டி.சி. (நேரடிக் குளிர்விப்பு வார்ப்பு), சி.சி. (தொடர் வார்ப்பு) இரண்டில் எந்த முறையில் வார்க்கப்பட்டது என்பதையும் ஆர்டரிலேயே எழுதிக் கேளுங்கள். தவறான வார்ப்பைப் பின்னால் உலையில் சுட்டுத் திருத்த முடியாது.

டி.சி. முறையில் உருகிய உலோகத்தை நீரால் குளிரும் அச்சில் இறக்கி, 400 முதல் 600 மி.மீ. தடிமனுள்ள பாளமாக வார்ப்பார்கள். மேல்தோலைச் சீவி, பல மணி நேரம் சூட்டில் வைத்துக் கலவையைச் சீராக்கி, சுடச்சுட உருட்டி, பிறகு குளிர உருட்டுவார்கள். சி.சி. முறையில் சுழலும் இரண்டு உருளைகளுக்கு நடுவே உலோகம் உறைந்து, நேராக 6 முதல் 8 மி.மீ. பட்டையாக வந்துவிடும். சுடு உருட்டல் இல்லை. செலவு குறைவதற்கு அதுதான் காரணம். குறைகளும் அங்கேதான் தொடங்குகின்றன: கலவைப் பொருள்கள் பட்டையின் நடுத்தடிமனில் ஒதுங்கலாம், மேற்பரப்பில் கோடுகள் தங்கலாம்.

மூடி, தட்டு, ஆழமில்லாத தட்டம், சாலை அடையாளப் பலகை ஆகியவற்றுக்கு சி.சி. தாராளமாகப் போதும், டி.சி. வாங்குவது வீண் செலவு. ஆழம் விட்டத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினாலோ, ஸ்பின்னிங்கில் (சுழலும் தகட்டை அச்சின் மேல் அழுத்தி வடிவமைப்பதில்) சுவரை மெலிய இழுத்தாலோ, ஆனோடைசிங் (மின்சாரத்தால் மேற்பரப்பில் ஆக்சைடு படலம் ஏற்றுவது) செய்வதாக இருந்தாலோ டி.சி. கேளுங்கள். ஆனோடைசிங் கோடுகளை மறைக்காது, எடுத்துக் காட்டும்.

3003 சி.சி. தகட்டில் கூடுதல் கவனம் வேண்டும். வார்ப்பு வேகமாகக் குளிர்வதால் மாங்கனீசு உலோகத்துக்குள் கரைந்தபடியே மாட்டிக்கொள்ளும். இடையில் உயர்வெப்பச் சீராக்கல் செய்யாமல் மெதுவாகச் சுட்டால் உலோகத்தின் படிக மணிகள் பெருத்துவிடும். பிரஸ்ஸில் இழுத்ததும் பாத்திரத்தின் மேல் ஆரஞ்சுத்தோல் போன்ற சொரசொரப்பு தெரியும். சப்ளையரிடம் சீராக்கல் செய்தார்களா என்று கேட்டு, எழுத்தில் வாங்குங்கள்.

அளவுக்கு ஒரு கணக்கு: 200 மி.மீ. விட்டம், 100 மி.மீ. உயரமுள்ள பாத்திரம். விட்டத்தின் வர்க்கத்தோடு, விட்டத்தை உயரத்தால் பெருக்கி வருவதை நான்கு மடங்காக்கிக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்தால் 346 மி.மீ. வெட்டுக்கழிவு சேர்த்து 360 மி.மீ. வாங்கலாம். வட்டத்தின் விட்டத்தைப் பாத்திரத்தின் விட்டத்தால் வகுத்தால் வரும் இழுப்பு விகிதம் 1.8. ஓ பதத்தில் ஒரே இழுப்பில் வரும். 2ஐ நெருங்கினால் இரண்டு இழுப்பாகப் பிரியுங்கள். 2 மி.மீ. தடிமனில் இந்த வட்டம் சுமார் 550 கிராம் இருக்கும்.

முழு லோடையும் வெட்டும் முன் சோதனைக் கிண்ணம் இழுங்கள். 60 மி.மீ. வட்டம், 33 மி.மீ. பஞ்ச் போதும். விளிம்பு அலைபோல் ஏறி இறங்கும்; மேடுகளைக் காதுகள் என்பார்கள். காதுகளின் சராசரி உயரத்திலிருந்து பள்ளங்களின் சராசரியைக் கழித்து, பள்ளச் சராசரியால் வகுத்து 100ஆல் பெருக்குங்கள். 4 சதவீதத்துக்கு மேல் போனால் ஆழமான பாத்திரத்துக்கு அந்தத் தகடு வேண்டாம். உருட்டிய திசைக்கு 45 டிகிரியில் காதுகள் நின்றால் குளிர் உருட்டலின் தாக்கம் மிகுந்திருக்கிறது. 0, 90 டிகிரியில் நின்றால் சுட்டபின் உருவான மணி அமைப்பின் தாக்கம். டி.சி.யில் சுடு உருட்டல் இருப்பதால் இரண்டையும் சமன் செய்வது ஆலைக்கு எளிது. அடிமூலை கிழிந்தாலோ விளிம்பில் சுருக்கம் விழுந்தாலோ தகட்டைக் குறை சொல்லும் முன் டை (அச்சு) விளிம்பின் வளைவு ஆரம், எண்ணெய், தகட்டைப் பிடிக்கும் அழுத்தம் மூன்றையும் பாருங்கள்.

கோடுகளைக் கண்டுபிடிக்க ஒரு லிட்டர் நீரில் 100 கிராம் காஸ்டிக் சோடாவைக் கரையுங்கள். சோடாவை நீரில் போட வேண்டும்; நீரைச் சோடாவில் ஊற்றக் கூடாது. கையுறை, கண்ணாடி கட்டாயம். ஹைட்ரஜன் வெளிவருவதால் காற்றோட்டமும் தீ இல்லாத இடமும் தேவை. சுமார் 60 டிகிரியில் இரண்டு மூன்று நிமிடம் தகட்டுத் துண்டை வைத்துக் கழுவினால் கோடும் மணியும் தெரியும்.

நான்ஸ்டிக் பூச்சு 400 டிகிரி அளவில் சுடப்படும்போது கொப்புளம் எழுந்தால், உருகலில் வாயு நீக்கம் சரியாக நடக்கவில்லையா என்று ஆலையைக் கேளுங்கள்.

பினாங்கின் ஈரக்காற்றில் இன்னொரு சேதம்: கண்டெய்னரிலிருந்து குளிர்ந்து வந்த தகட்டுக் கட்டினை உடனே பிரித்தால் தகடுகளுக்கிடையே நீர் கோர்த்துக் கறை பிடிக்கும். உறையைக் கழற்றாமல் பட்டறைச் சூட்டுக்கு வரும்வரை ஒருநாள் விடுங்கள். லேசான கறை பாலிஷில் போகும். குழி விழுந்த தகட்டை ஆனோடைசிங்குக்கு அனுப்பாதீர்கள்.