தெருவுக்கு ஒரு சூழல் கலந்துரையாடல் குழு: தொடங்குவதும் தொடர்ந்து நடத்துவதும்

ஒரு தெருவிலோ அடுக்ககத்திலோ வசிப்பவர்கள் மாதம் ஒருமுறை கூடி, தாங்கள் செலவிடும் தண்ணீரையும் வெளியேற்றும் குப்பையையும் பற்றிப் பேசுவதற்குப் பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. எட்டுப் பத்துப் பேர், ஒரு மொட்டைமாடி, ஒரு குறிப்பேடு, ஞாயிறு மாலையில் ஒன்றரை மணி நேரம் ஆகியவை போதும். எனினும், ஆர்வத்தோடு தொடங்கிய குழுக்கள் மூன்றாம் கூட்டத்தோடு நின்றுபோவதைக் கண்டு நான் வருந்தியிருக்கிறேன். பேச்சு புவி வெப்பமாதலில் தொடங்கி அதிலேயே சுற்றிவந்து, நாளைக் காலையில் தம் வீட்டில் எதை மாற்றுவது என்று எவருக்கும் தெரியாமலே கூட்டம் கலைந்துவிடுவதுதான் பெரும்பாலும் அதற்குக் காரணமாக இருந்தது. ஆகவே, பேசத் தொடங்கும் முன் அளக்கத் தொடங்குங்கள்.

முதல் கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பு, வர ஒப்புக்கொண்ட ஒவ்வொரு வீட்டிலும் மட்கும் குப்பை, மட்காத குப்பை இரண்டையும் தனித்தனி வாளியில் போட்டு, ஏழு நாட்களும் எடைபோட்டு எழுதிவரச் சொல்லுங்கள். பழைய இரும்புக் கடைக்காரர் வைத்திருப்பது போன்ற கொக்கித் தராசு ஒன்றை வாங்கி, வீடு வீடாக மாற்றிப் பயன்படுத்திக்கொள்ளலாம். பெரும்பாலான வீடுகளில் எடையில் பாதிக்கு மேல் காய்கறித் தோலும் மீந்த உணவுமாகவே இருக்கும். தம் கையால் எழுதிய எண்ணைப் பார்த்த பிறகு, எதிலிருந்து தொடங்குவது என்று யாரும் வெளியிலிருந்து வந்து சொல்ல வேண்டியிராது.

அந்த முதல் கூட்டத்துக்கே உங்கள் தெருவில் குப்பை எடுக்கும் தூய்மைப் பணியாளரையும், அவருக்கு ஒழிவான நேரத்தைக் கேட்டறிந்து, உரிய மரியாதையுடன் அழையுங்கள். வீட்டு வாசலோடு நம் பார்வையிலிருந்து மறைந்துவிடும் குப்பையின் மறுபாதி வாழ்க்கையை அறிந்தவர் அவர்தான். சோற்றோடு கலந்து வரும் உடைந்த கண்ணாடி கையைக் கிழிப்பதையும், சுற்றாமல் போடப்பட்ட சானிட்டரி நாப்கினைப் பிரித்தெடுக்க நேர்வதையும் அவர் வாயால் கேட்டவர்கள் மறுநாளே வாளியைப் பிரித்துவைத்ததை நான் பார்த்திருக்கிறேன். மட்குபவை, மட்காதவை, வீட்டிலிருந்து வெளியேறும் தீங்கான கழிவுகள் என மூன்றாகப் பிரித்துக் கொடுக்கும் பொறுப்பை 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் வீட்டாரிடமே ஒப்படைத்தன. அந்த விதியை வாசித்துக் காட்டுவதைவிட, அதன் காரணத்தை அறிந்தவர் பேசுவது ஆழமாகப் பதிகிறது. அவரை ஒரு முறை அழைத்துச் சால்வை போர்த்தி அனுப்பிவிடாமல், குழுவின் உறுப்பினராகவே வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்தடுத்த கூட்டங்களுக்கு ஒரே ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் 14 வகை பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருந்தும், பார்சல் தேநீர் ஏன் இன்னும் பிளாஸ்டிக் உறையில் வருகிறது என்பது அப்படியொரு கேள்வி. கடைக்காரரைக் குற்றவாளியாக நிறுத்தாமல் அவரையும் உட்காரவைத்துப் பேசினால், தூக்குவாளி கொண்டுவருவோர் குறைந்துபோனதும் அதற்கு ஒரு காரணம் என்று தெரியவரலாம். பேச்சை நெறிப்படுத்துபவர் மாதந்தோறும் மாறட்டும். நன்கு படித்தவர் ஒருவரே அரைமணி நேரம் பேசும் கூட்டத்தில் சமையலறையை நடத்துபவர்கள் வாய் திறக்க மாட்டார்கள் என்பதால், எல்லோரும் ஒரு சுற்றுப் பேசி முடிக்கும்வரை யாருக்கும் இரண்டாம் வாய்ப்பு இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த செய்தி எதையும், அதன் மூலத்தைப் பார்த்தறியும்வரை விவாதத்துக்கு எடுக்காதீர்கள்.

தண்ணீரைப் பற்றிய கூட்டத்துக்கு ஓர் எளிய கணக்கு உதவும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர் தண்ணீர். அவ்வாறாயின், 1,000 சதுர அடி மொட்டைமாடியில் 10 மில்லிமீட்டர் மழைக்கு ஏறத்தாழ 930 லிட்டர் விழுகிறது. ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் அளவில் மழை பெறும் சென்னையில், அதே மாடியில் ஓராண்டில் விழுவது 1,30,000 லிட்டர். கட்டடங்களில் மழைநீர் சேகரிப்பு 2003இலேயே கட்டாயமாக்கப்பட்ட நகரத்துக்கு, 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிநீர் வந்தது. இந்த இரு செய்திகளையும் அடுத்தடுத்து வைத்துவிட்டு, உறுப்பினர் வீடுகளில் மழைநீரை நிலத்துக்குள் இறக்கும் உறிஞ்சு குழிகளை அன்றே நேரில் சென்று பாருங்கள். மணல் அடைத்தோ, குழாய் துண்டிக்கப்பட்டோ, குழியின் மேல் சிமெண்ட் பூசப்பட்டோ கிடப்பவை எத்தனை என்று குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

வீட்டளவில் தீராதவையும் உண்டு. ஏரியில் கலக்கும் கழிவுநீரும், இரவில் எரிக்கப்படும் குப்பைமேடும் அத்தகையவை. கிராமங்களில் இவற்றைக் கிராம சபையில் எழுப்பலாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆறு நாட்கள் அதற்கென உள்ளன. நகரங்களில் வார்டின் ஒவ்வொரு பகுதிக்கும் உள்ள பகுதி சபையை நாடலாம். தேதி, இடம், புகைப்படம் ஆகியவற்றோடு ஒரு பக்க மனுவைக் குழுக் கூட்டத்திலேயே எழுதி, சபையின் தீர்மானத்தில் பதிவு செய்யுமாறு கேளுங்கள். விவரம் கிடைக்காதபோது, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பத்து ரூபாய்க் கட்டணத்தில் விண்ணப்பிக்கலாம். பொதுவாக 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும்.

ஒவ்வொரு கூட்டத்தின் முடிவிலும் ஒரு வேலை, அதைச் செய்பவர் பெயர், முடிக்கும் நாள் ஆகிய மூன்றையும் எழுதிவிட்டே எழுந்திருங்கள். அடுத்த கூட்டம் அந்தப் பக்கத்தை வாசிப்பதிலிருந்து தொடங்கட்டும். செய்ய முடியாதுபோனவரிடம் கடிந்துகொள்ளாமல், எது தடுத்தது என்று கேளுங்கள். மட்கும் குப்பையை உரமாக்கும் தொட்டியில் புழுவும் நாற்றமும் வந்து கைவிட்டவருக்கு அறிவுரை வேண்டியதில்லை. ஈரம் மிகுந்து காற்றுப் புகாததே நாற்றத்துக்குக் காரணம் என்பதால், ஒரு கூடை தேங்காய் நார்க்கழிவோ காய்ந்த இலையோ எடுத்துச் சென்று, அவருடன் நின்று கிளறிவிட்டு வாருங்கள். செப்டம்பர் மாதக் கூட்டத்தை மட்டும் பேச்சின்றி வைத்துக்கொள்ளலாம். வடகிழக்குப் பருவமழைக்கு முன் மாடிகளைக் கூட்டி, மழைநீர் வடிகட்டியின் மணலையும் ஜல்லியையும் கழுவிப் போட அந்த ஞாயிறு தேவைப்படும்.